உங்களுக்குத் தெரியுமா? எதிரில் உட்கார்ந்து கேட்ட மார்செல் ஓஃபுல்ஸ்

● ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியிலிருந்து ஒரு தடவை, பிரான்ஸிலிருந்து இன்னொரு தடவை என்று இருமுறை ஓடிவந்த பையன், அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் சினிமாவில் போட்ட வேடம் என்ன தெரியுமா? ஹிட்லரின் இளைஞர் அணிச் சிறுவன்! அமெரிக்கா ஏன் போரில் இறங்கியது என்று சிப்பாய்களுக்கு விளக்குவதற்காக ஃப்ராங்க் காப்ரா 1942-இல் எடுத்த 'ப்ரிலூட் டு வார்' என்ற படம் அது. அந்தப் பையன்தான் மார்செல் ஓஃபுல்ஸ். பின்னாளில் ஒரு தேசம் முழுவதையும் சங்கடத்தில் நெளியவைத்த ஆவணப்படக்காரர். 2025 மே 24-ஆம் தேதி, 97 வயதில் காலமானார்.

● பிறந்தது 1927 நவம்பர் 1, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில். அம்மா ஹில்டே வால், நாடக நடிகை. அப்பா மாக்ஸ் ஓஃபுல்ஸ், உலக சினிமா பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் மரியாதையோடு உச்சரிக்கும் இயக்குநர். 'லெட்டர் ஃப்ரம் அன் அன்நோன் வுமன்' அவருடைய படம்தான். வீட்டுப் பெயர் ஓப்பன்ஹைமர். துணி வியாபாரக் குடும்பம். மகன் நாடகக் கொட்டகைக்குப் போனால் அந்தப் பெயருக்கு இழுக்கு வந்துவிடுமோ என்று மாக்ஸ் தனக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்.

● 1933 பிப்ரவரி 27 இரவு பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மாக்ஸ் யூதர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் போய்விட்டார். மார்செலுக்கு அப்போது ஐந்து வயது. 1938-இல் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. இனி நிம்மதி என்று நினைத்திருப்பார்கள். இரண்டே வருடத்தில் ஜெர்மன் ராணுவம் பாரிஸுக்குள் வந்துவிட்டது.

● மாக்ஸ் போர்க்காலத்துக்கு முன் பிரான்ஸில் எடுத்த கடைசிப் படங்களில் ஒன்று, ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவில் சுட்டுக்கொல்லப்பட்ட கதை. முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்திய கொலை அது. அந்தப் படம் திரைக்கு வந்தது 1940 மே மாதத் தொடக்கத்தில். மே 10 அன்று ஜெர்மனி பிரான்ஸ்மீது பாய்ந்தது. இந்தப் படத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 54 வருடம் கழித்து மகன் இதைத் தேடி எடுக்கிறார்.

● ஜெர்மானியர் நேரடியாக ஆளாத தெற்குப் பகுதியில் ஒரு வருடத்துக்கும் மேல் தலைமறைவு வாழ்க்கை. பிறகு பிரனீஸ் மலைத்தொடரைத் தாண்டி ஸ்பெயின். அங்கிருந்து அமெரிக்கா. போய்ச் சேர்ந்தது 1941 டிசம்பர். பதினான்கு வயதுக்குள் மூன்று நாடு, மூன்று மொழி!

● ஹாலிவுட் என்றதும் சுகவாழ்வு என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவில் பெயரெடுத்த மாக்ஸுக்கு அங்கே வருடக்கணக்கில் வேலை இல்லை. முதல் அமெரிக்கப் படம் வெளிவர 1947 ஆயிற்று. நாட்டைப் பறிகொடுத்து அயல் மண்ணில் ஒளிந்து வாழும் ஓர் அரசனின் கதை அது. படத்தின் பெயர் 'தி எக்ஸைல்'. மகன் ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1946-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, ஜப்பானில் சிப்பாய்களுக்கு நாடகம் போடும் பிரிவில் இருந்தார். 1950-இல் அமெரிக்கக் குடிமகனானார். அதே 1950-இல் பாரிஸுக்குத் திரும்பிவிட்டார்.

● பாரிஸில் தத்துவம் படிக்கச் சேர்ந்து பாதியில் விட்டார். உதவி இயக்குநராகப் போனபோது மார்செல் வால் என்று அம்மாவின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார். அப்பா பெயரைச் சொல்லி வேலை வாங்கினார் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்பதற்காக. ஜான் ஹூஸ்டனின் 'மூலன் ரூஜ்', அப்பாவின் 'லோலா மான்டெஸ்' இரண்டிலும் வேலை பார்த்தார். 1955-இல் 'லோலா மான்டெஸ்' படுதோல்வி. தயாரிப்பாளர்கள் படத்தைத் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டினார்கள். 1957-இல் மாக்ஸ் இறந்துபோனார். தகப்பனின் படம் அப்படித் துண்டாடப்பட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மார்செல். அவர் பிற்காலத்தில் ஒரு ஃபிரேம்கூட விட்டுக்கொடுக்க மறுத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

● ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசையே இல்லை, தெரியுமா? பாட்டு, ஆட்டம், சிரிப்பு, காதல் என்று கதைப்படங்கள் எடுக்கத்தான் ஆசைப்பட்டார். கடைசிவரை பேட்டிகளில் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1962-இல் நண்பர் பிரான்சுவா த்ரூஃபோ கைகொடுக்க, ஐந்து நாட்டு இயக்குநர்கள் ஆளுக்கொரு பகுதி எடுத்த 'இருபது வயதில் காதல்' படத்தில் ஜெர்மன் பகுதி இவருக்குக் கிடைத்தது. போலந்துப் பகுதியை எடுத்தவர் ஆந்த்ரே வைதா. ஜப்பான் பகுதியை எடுத்த ஷின்டாரோ இஷிஹாரா பிற்காலத்தில் டோக்கியோவின் ஆளுநரானார்!

● மறுவருடம் 'வாழைப்பழத் தோல்' என்றொரு நகைச்சுவைப் படம். ஜான் மோரோ, ஜான்-பால் பெல்மோண்டோ என்று பெரிய நட்சத்திரங்கள். நன்றாக ஓடியது. அடுத்த படம் ஓடவில்லை. மனைவி, மக்கள், வாடகை. பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சியில் செய்தித் தொகுப்புகள் எடுக்கும் வேலைக்குப் போனார். நம் காலத்தின் மிகப் பெரிய ஆவணப்படங்களில் சில, குடும்பச் செலவுக்காக ஒரு மனிதர் ஏற்றுக்கொண்ட வேலையில் தொடங்கின.

● 1968 மே மாதம் பிரான்ஸில் மாணவர் கிளர்ச்சி, வேலைநிறுத்தம். தொலைக்காட்சிக்காரர்களும் சேர்ந்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, வேலை போனது. ஓஃபுல்ஸ் ஜெர்மனியின் ஹாம்பர்க் தொலைக்காட்சிக்குப் போனார். பிரான்ஸின் போர்க்கால வாழ்க்கையைப் பற்றிய 'துயரமும் இரக்கமும்' ஜெர்மன், சுவிஸ் பணத்தில் உருவானது இப்படித்தான். அதன் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான ஆந்த்ரே காஸூ, அல்ஜீரியப் போரில் சண்டை போட மறுத்து பிரான்ஸைவிட்டு சுவிட்சர்லாந்தில் குடியேறியவர். புலம்பெயர்ந்தவர் இயக்க, புலம்பெயர்ந்தவர் படம்பிடித்தார்.

● படத்தின் நீளம் 4 மணி 11 நிமிடம். இரண்டு பாகம்: 'வீழ்ச்சி', 'தேர்வு'. முழுக்கக் கறுப்பு வெள்ளை. பிரான்ஸின் நடுவே உள்ள கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஒரே ஊரை மையமாக வைத்து, 1940 முதல் 1944 வரை அங்கே என்ன நடந்தது என்று ஊர்க்காரர்களிடமே கேட்கிறது. ஏன் அந்த ஊர்? மிஷலின் டயர் தொழிற்சாலை இருக்கும் ஊர். தொழிலாளி, முதலாளி, சுற்றிலும் விவசாயி என்று எல்லாரும் உண்டு. ஹிட்லரோடு கைகோத்த மார்ஷல் பெத்தானின் அரசு உட்கார்ந்திருந்த விஷி நகரமும் பக்கத்தில்தான்.

● பெயர்க்காரணம்? அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர், அந்த நான்கு வருடமும் தன் மனதில் அதிகம் இருந்தது எது என்று கேட்டபோது சொன்ன பதில்: துயரம், இரக்கம். அதையே தலைப்பாக்கிவிட்டார்.

● அதுவரை பிரான்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை எளிமையானது. நாடு முழுவதும் ஜெர்மானியரை எதிர்த்தது, ஒருசில துரோகிகள் மட்டும் விலைபோனார்கள். பள்ளிக்கூடத்துப் பாடம், தபால்தலை, தெருப்பெயர் எல்லாம் அதைத்தான் சொல்லின. ஓஃபுல்ஸ் காட்டியது வேறு. எதிர்த்தவர் சிலர். காட்டிக்கொடுத்தவர் சிலர். பெரும்பாலானவர்கள் ரேஷன் வரிசையில் நின்று, பார்க்க வேண்டாததைப் பார்க்காமல், நாளை ஓட்டியவர்கள்.

● அந்தப் பெரும்பாலானவர்களைப் படம் எப்படிப் பிடிக்கிறது பாருங்கள். கடைவீதியில் ஒரு வியாபாரி. அவருடைய குடும்பப் பெயர் யூதப் பெயர்போல் ஒலிக்கும். வாடிக்கையாளர்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று, தான் யூதன் இல்லை, தன் சகோதரர்கள் முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகப் போரிட்டவர்கள் என்று போர்க்காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அந்த விளம்பரத்தைப் பற்றி ஓஃபுல்ஸ் மெதுவாகக் கேட்கிறார். குரல் உயரவில்லை. குற்றச்சாட்டு இல்லை. அவர் விளக்கம் சொல்லச் சொல்ல, அந்த விளம்பரத்தில் என்ன தப்பு என்பது இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை என்பது நமக்குப் புரிகிறது. இன்னொரு இடத்தில் இரண்டு வயதான ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்தில் நின்று பேசுகிறார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட சக ஆசிரியர்களைப் பற்றிக் கேட்டால் ஞாபகம் மங்கலாகிறது.

● அதே ஊர்ப்பக்கத்தில் விவசாயிகளான அண்ணன் தம்பி இருவர். ஒயின் கோப்பையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவரை யாரோ காட்டிக்கொடுக்க, புகென்வால்ட் வதைமுகாமுக்குப் போய் உயிரோடு திரும்பினார். காட்டிக்கொடுத்தது யார் என்று தெரியுமா? தெரியும். அக்கம்பக்கத்துக்காரர்தான். பழிவாங்கவில்லையா? இல்லை, அதனால் என்ன பயன் என்கிறார். இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். இத்தனைக்கும் கேமரா அவர்களை வீரர்களாக்க ஒரு சின்ன முயற்சிகூடச் செய்வதில்லை.

● அந்த ஊரில் அதிகாரியாக இருந்த ஜெர்மன் கேப்டனை ஓஃபுல்ஸ் எங்கே பேட்டி எடுத்தார்? ஜெர்மனியில், அவருடைய மகளின் கல்யாண விருந்தில்! சுற்றிலும் மகளும் மருமகனும் உறவுக்காரர்களும் உட்கார்ந்திருக்க, சுருட்டுப் பிடித்தபடி ஆக்கிரமிப்புக் காலத்தை நினைவுகூர்கிறார்.

● இன்னொரு சாட்சி கிறிஸ்தியான் த லா மாஸியேர். பிரபுக் குடும்பத்துப் பிரெஞ்சுக்காரர். ஜெர்மன் சீருடை அணிந்து ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து ரஷ்ய முனையில் சண்டை போட்டவர். அவரோடு பேசியது ஜெர்மனியிலுள்ள ஸிக்மாரிங்கன் கோட்டையில். விஷி அரசு 1944-இல் ஓடி ஒளிந்த அதே இடம். படித்த, பண்பான, அழகாகப் பேசுகிற மனிதர். தன் இளமை எந்தச் சூழலில், எந்த வெறுப்புகளோடு வளர்ந்தது என்று மறைக்காமல் சொல்கிறார். மிரட்டுகிற முரடனைக் காட்டியிருந்தால் நாம் தூரத்தில் நின்று வெறுத்திருக்கலாம். ஓஃபுல்ஸ் நமக்கு அந்த வசதியைத் தரவில்லை.

● புதுச்சேரிக்கும் இந்தப் படத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. படத்தின் முக்கிய சாட்சிகளில் ஒருவர் பியேர் மாண்டெஸ்-ஃபிரான்ஸ். 1954-இல் அவர் பிரெஞ்சுப் பிரதமராக இருந்தபோதுதான், இந்தியாவோடு இணைவது பற்றிய கீழூர் வாக்கெடுப்பு நடந்தது. நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அந்தப் பெரிய மனிதரை விஷி அரசு கிளெர்மோன்-ஃபெரான் சிறையில் அடைத்து வைத்திருந்தது. 1941 ஜூனில் தப்பித்தார். எப்படி என்று படத்தில் அவரே சொல்கிறார்: சுவரேறி உச்சியில் உட்கார்ந்தால், கீழே மரத்தடியில் ஒரு காதல் ஜோடி. அவன் கெஞ்சுகிறான், அவள் பிகு செய்கிறாள். குதிக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. கடைசியில் அவள் சம்மதித்தபோது அந்தக் காதலனைவிட அதிகம் மகிழ்ந்தவர் சுவர்மேல் இருந்த கைதிதான்! மரணம் துரத்துகிற கதையில் இப்படி ஒரு சிரிப்பை விட்டுவைக்கிற மனசு, நகைச்சுவைப் படம் எடுக்க ஆசைப்பட்டவருக்குத்தான் வரும்.

● பிரிட்டனின் முன்னாள் பிரதமர் அந்தோனி ஈடன் இந்தப் படத்தில் பேசுவது பிரெஞ்சு மொழியில். அந்நிய ராணுவம் தன் நாட்டை ஆளும் கொடுமையை அனுபவிக்காதவர்களுக்கு, அனுபவித்தவர்கள்மீது தீர்ப்புச் சொல்ல உரிமையில்லை என்பது அவர் கருத்து. தன் படத்துக்கு எதிராகவே நிற்கக்கூடிய இந்தக் கருத்துக்கு ஓஃபுல்ஸ் முழு இடம் கொடுத்திருக்கிறார்.

● 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் சுமார் 13,000 யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் 4,000-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பிடித்தது ஜெர்மன் ராணுவம் இல்லை, பிரெஞ்சுப் போலீஸ். 16 வயதுக்குக் குறைந்தவர்களை ஜெர்மானியர் முதலில் கேட்கவே இல்லை, குழந்தைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்றது பியேர் லவால் பிரதமராக இருந்த விஷி அரசு. இதைப் படத்தில் ஒருவர் அமைதியாக விவரிக்கிறார். லவாலின் மருமகன் தன் மாமனாருக்காக வாதாடுவதும் படத்தில் உண்டு. போர் முடிவதற்குள் பிரான்ஸிலிருந்து அனுப்பப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 76,000. அவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலரே. இதற்கு பிரெஞ்சு அரசே பொறுப்பு என்று ஒரு குடியரசுத் தலைவர், ஜாக் ஷிராக், பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 1995 ஜூலை 16-இல். படம் வந்து கால் நூற்றாண்டு கழித்து!

● படம் எங்கே முடிகிறது? பாடகர் மொரீஸ் ஷெவாலியேவிடம். தான் ஜெர்மானியருக்கு விலைபோனதாக வந்த பேச்சு பொய், கைதிகளுக்காக மட்டுமே பாடினேன் என்று அமெரிக்க ரசிகர்களுக்கு அவர் ஆங்கிலத்தில் விளக்குகிற பழைய செய்திப்படத் துணுக்கு. புன்னகை மாறவே இல்லை. நாலு மணி நேரம் கேட்ட சாட்சியங்களுக்குப் பிறகு அந்தப் புன்னகையைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

● இந்தப் படத்தை பிரெஞ்சுத் தொலைக்காட்சி தடை செய்யவில்லை. வாங்கவே இல்லை. அவ்வளவுதான். 1969-இல் ஜெர்மானியர்கள் பார்த்துவிட்டார்கள். பிரெஞ்சு மக்கள் 1971 ஏப்ரல்வரை காத்திருந்தார்கள், அதுவும் பாரிஸின் மாணவர் பகுதியில் ஒரு சின்னத் தியேட்டரில். கூட்டம் தெருவில் நின்றது. பெரிய தியேட்டருக்கு மாறி 87 வாரம் ஓடியது. மக்களுக்கு இன்னமும் தேவைப்படுகிற புனைகதைகளை இந்தப் படம் உடைத்துவிடுகிறது என்பதுதான் தொலைக்காட்சித் தலைவர் செனட் குழுவிடம் சொன்ன காரணம். மக்களுக்கு என்ன தேவை என்று மக்களைக் கேட்காமலே முடிவு செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அரசுத் தொலைக்காட்சியில் படம் வந்தது 1981-இல், மித்தரான் குடியரசுத் தலைவரான பிறகு. சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள்.

● படத்தை எதிர்த்தவர்கள் எல்லாரும் பழைய துரோகிகள் என்று எண்ண வேண்டாம். தொலைக்காட்சி நிர்வாகக் குழுவில் இருந்த சிமோன் வெய் கடுமையாக எதிர்த்தார். அவர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்டவர். யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சாதாரணப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தப் படம் நியாயம் செய்யவில்லை என்பது அவருடைய வருத்தம். நான் ஓஃபுல்ஸ் பக்கம்தான். ஆனால் வெய் சொன்னதை ஒதுக்கிவிட்டு அந்தப் படத்தைப் பார்ப்பது நேர்மையாகாது.

● வுடி ஆலனின் 'ஆனி ஹால்' பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கதாநாயகன் காதலியை மறுபடி மறுபடி ஒரு நாலு மணி நேர நாஜி ஆவணப்படத்துக்கு இழுத்துப் போவான். அது இதுதான். 2000-இல் அமெரிக்காவில் மறுவெளியீடு செய்தபோது தன் பெயரைக் கொடுத்து வழங்கியவரும் வுடி ஆலன்தான்.

● ஓஃபுல்ஸின் தொழில் ரகசியம் என்ன? மூன்று மொழி. ஜெர்மன் கேப்டனிடம் ஜெர்மன், விவசாயியிடம் பிரெஞ்சு, அமெரிக்க உளவுக்காரரிடம் ஆங்கிலம். மூன்றிலும் அவர் வெளியாள் இல்லை. நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் சாட்சிக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தன் பாட்டி பேசிய மாதிரியே பேசினால் மனிதன் நாக்குத் தளர்ந்து உண்மையைச் சொல்லிவிடுகிறான், அல்லது பொய்யை அழகாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறான். அகதி வாழ்க்கை அவரிடமிருந்து எத்தனையோ பறித்தது. இந்த ஒன்றைக் கொடுத்தது. மற்றொன்றும் உண்டு. விரட்டப்பட்டவர் என்பதால் அவருக்கு எந்த தேசத்தின் மானத்தையும் காப்பாற்ற வேண்டிய கடமை இல்லை. ஜெர்மனியைக் கேட்ட கேள்வியையே பிரான்ஸைக் கேட்டார், பிரான்ஸைக் கேட்டதையே அமெரிக்காவைக் கேட்டார். வியட்நாமின் மை லாய் படுகொலை பற்றி 1970-இலும் வட அயர்லாந்து பற்றி 1972-இலும் படம் எடுத்தார். அயர்லாந்துப் படத்தை பி.பி.சி. ஒளிபரப்ப மறுத்தது.

● 'நீதியின் நினைவு' (1976) 278 நிமிடம். நூரம்பர்க் விசாரணையில் ஜெர்மானியத் தலைவர்களை எந்தச் சட்டத்தால் அளந்தார்களோ அதே அளவுகோலை அல்ஜீரியாவில் பிரான்ஸுக்கும் வியட்நாமில் அமெரிக்காவுக்கும் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. நூரம்பர்க் வழக்கறிஞர் டெல்ஃபோர்ட் டெய்லரின் புத்தகம்தான் தூண்டுதல். ஹிட்லரின் கட்டடக் கலைஞரும் அமைச்சருமான ஆல்பர்ட் ஸ்பியர், கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் இருவரும் கேமரா முன் பேசுகிறார்கள். ஆனால் எனக்கு மறக்காத சாட்சி அவர்கள் இல்லை. ஓஃபுல்ஸின் மனைவி. ஜெர்மன் பெண். சின்ன வயதில் ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் இருந்ததைக் கணவரின் கேமரா முன் சொல்கிறார். முதலில் சொன்னேனே, காப்ரா படத்தில் அதே அணிச் சிறுவனாக வேடம் போட்டவர் இந்தக் கணவர். மற்றவர் வீட்டுக் கதவைத் தட்டியவர் தன் வீட்டுக் கதவை மூடி வைக்கவில்லை.

● அந்தப் படத்தை எடிட் செய்யும்போது தயாரிப்பாளர்களோடு பெரும் சண்டை. வியட்நாமைக் குறைக்கச் சொன்னார்கள். மறுத்தார். எடிட்டிங் அறையிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அவருடைய பதிப்பின் ஒரு பிரதி யாருக்கும் தெரியாமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, அதைப் பார்த்தவர்கள் குரல் கொடுத்துப் படத்தை மீட்டார்கள். படம் பிழைத்தது, மனிதர் ஓய்ந்துபோனார். அடுத்த பல வருடங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளில் வேலை, கல்லூரியில் பாடம்.

● 'ஹோட்டல் டெர்மினஸ்' (1988) லியோன் நகர ரயில் நிலையத்தை ஒட்டிய ஹோட்டலின் பெயர். ஜெர்மன் ரகசியப் போலீஸ் அதிகாரி கிளாவுஸ் பார்பி தன் அலுவலகத்தை அங்கேதான் வைத்திருந்தான். எதிர்ப்பு இயக்கத் தலைவர் ஜான் மூலன் அவன் கையில் சிக்கி இறந்தார். இசியூ கிராமத்து விடுதியில் ஒளிந்திருந்த 44 யூதக் குழந்தைகள் 1944 ஏப்ரல் 6 அன்று அவன் உத்தரவில் பிடிபட்டார்கள். போருக்குப் பிறகு? அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவு அவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது! கம்யூனிஸ்டுகளை வேவு பார்க்க ஆள் வேண்டும் என்பது காரணம். 1951-இல் வேறு பெயரில் பொலிவியாவுக்கு அனுப்பி வைத்ததும் அவர்களே. 1983-இல் பொலிவியா அவனை பிரான்ஸிடம் ஒப்படைத்தது. அதே வருடம் அமெரிக்கா பிரான்ஸிடம் மன்னிப்புக் கேட்டது. 1987-இல் லியோனில் விசாரணை, ஆயுள் தண்டனை. 1991-இல் சிறையிலேயே செத்தான்.

● நான்கரை மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா, பொலிவியா என்று அலைந்து, நூறு மணி நேரத்துக்கு மேல் பேட்டி எடுத்தார். பார்பியை நல்ல மனுஷன் என்று சொல்கிறவர்களும், எல்லாம் பழைய கதை, இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்பவர்களும் வரிசையாக வருகிறார்கள். ஓஃபுல்ஸின் பொறுமை இந்தப் படத்தில் சில இடங்களில் அறுந்துபோகிறது. பேச மறுத்து ஒளிந்துகொண்ட ஒருவரை, தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே பெயர் சொல்லித் தேடுவதாக நடிக்கிறார். 'துயரமும் இரக்கமும்' எடுத்த நிதானக்காரரா இவர் என்று தோன்றும். அந்தக் கோபம் நியாயமானது. 60 வயதில் அதே பதில்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவருக்கு வேறு என்ன வரும்?

● அந்தப் படத்தின் கடைசிப் பகுதி. பார்பியால் சிறுமியாக இருந்தபோது சித்திரவதைக்கு ஆளாகி, ஆஷ்விட்ஸ் போய் மீண்ட சிமோன் லக்ராஞ்ச், தான் பிடிபட்ட லியோன் குடியிருப்புக்கு மறுபடி வருகிறார். படிக்கட்டில் நின்று நடந்ததைச் சொல்கிறார். குடும்பத்தை ஜெர்மானியர் இழுத்துக்கொண்டு இறங்கும்போது ஒரு வீட்டுக் கதவு மூடியே கிடந்தது. இன்னொரு வீட்டுப் பெண்மணி கதவைத் திறந்து, சிறுமியைத் தன் பக்கம் இழுத்து உள்ளே கொண்டுபோகப் பார்த்தார். ஜெர்மானியர் அந்த அம்மாவை அறைந்து தள்ளிவிட்டார்கள். முயற்சி வெற்றி பெறவில்லை. சிறுமியைக் காப்பாற்றவும் முடியவில்லை. ஆனால் நான்கரை மணி நேரப் படத்தை ஓஃபுல்ஸ் சமர்ப்பணம் செய்திருப்பது அந்த அம்மாவுக்குத்தான், நல்ல அண்டை வீட்டுக்காரி என்று பெயரோடு குறிப்பிட்டு. தளபதிகள், மந்திரிகள், நீதிபதிகள் யாருக்கும் இல்லை.

● அந்தப் படத்துக்குச் சிறந்த ஆவணப்பட ஆஸ்கர் 1989-ஆம் ஆண்டு விழாவில் கிடைத்தது. 'துயரமும் இரக்கமும்' முன்பு பரிந்துரை வரைக்கும் போய் நின்றிருந்தது.

● பெர்லின் சுவர் விழுந்ததும் அங்கே போய் 'நவம்பர் நாட்கள்' எடுத்தார். கிழக்கு ஜெர்மனியின் கடைசித் தலைவர்களில் ஒருவரான எகான் கிரென்ஸ், உளவுத்துறைத் தலைவர் மார்க்குஸ் வோல்ஃப் எல்லாரும் பேசுகிறார்கள். நடுநடுவே பழைய சினிமாப் பாட்டுகள். ஆசை விடவில்லை!

● குண்டு விழுந்துகொண்டிருந்த சரயேவோவில், போர்ச் செய்தியாளர்களைப் பற்றிப் படம் எடுத்தார். 1994-இல் அது வெளிவந்தபோது வயது 66. நினைவில் வைக்கச் சொன்ன அப்பாவின் சரயேவோ படம் இங்கேதான் வருகிறது. அதிலிருந்து காட்சிகளை எடுத்துத் தன் படத்தில் கோத்தார். நாட்டைவிட்டு ஓடுவதற்கு முன் தகப்பன் எடுத்த படமும், நிஜச் சரயேவோவில் மகன் எடுத்த படமும் ஒரே திரையில்.

● கடைசிப் படம் 'ஒரு பயணி' 2013-இல் கான் விழாவில் திரையிடப்பட்டபோது அவருக்கு 85. தன் வாழ்க்கைக் கதையைத் தானே சொல்கிறார். பழைய தோழி ஜான் மோரோவும் அமெரிக்க ஆவணப்பட மேதை ஃப்ரெடெரிக் வைஸ்மனும் வந்துபோகிறார்கள். அதற்குப் பிறகு இஸ்ரேல் - பாலஸ்தீனம் பற்றி ஒரு படம் தொடங்கினார். பணச் சிக்கலில் நின்றுபோயிற்று.

● முதுமையில் அவர் வாழ்ந்தது தென்மேற்கு பிரான்ஸின் பெயார்ன் வட்டாரத்தில். 1941-இல் தாய் தகப்பனோடு உயிர் பிழைக்கத் தாண்டிய அதே பிரனீஸ் மலைகளின் அடிவாரம்.

● புதிதாகப் பார்க்கிறவர்கள் எதில் தொடங்கலாம்? என் யோசனை: முதலில் 'துயரமும் இரக்கமும்', ஒரு பாகம் ஒரு மாலையாக இரண்டு நாளில். பெயர்களும் பதவிகளும் குழப்பினால் கவலை வேண்டாம், முகங்களையும் கைகளையும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து 'ஹோட்டல் டெர்மினஸ்'. 'நீதியின் நினைவு' நெடுநாள் எங்கும் கிடைக்காமல் இருந்தது. மார்ட்டின் ஸ்கோர்செஸியின் திரைப்பட அறக்கட்டளை உதவியோடு சீரமைக்கப்பட்டு 2015-இல் பெர்லின் விழாவில் மறுபடி திரையிடப்பட்டது. 2017-இல் அமெரிக்காவின் ஹெச்.பி.ஓ. ஒளிபரப்பியது, 278 நிமிடமும் வெட்டாமல்.